ஆன்லைன் மார்க்கெட்டிங்ல புதுசா இறங்கறவங்க கூட்டு சேர்றது எப்படி? பார்டர் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளா-தமிழ்நாடு பார்டர் ஓரம் இருக்கற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இப்ப எந்த வீட்டுல பார்த்தாலும் ஒரு பையனோ பொண்ணோ ரீல்ஸ் எடுக்கறாங்க, போஸ்டர் டிசைன் பண்றாங்க, ஃபேஸ்புக் ஆட் ஓட்டக் கத்துக்கறாங்க, ஆனா விக்கறதுக்கு கையில சரக்குன்னு ஒண்ணும் கிடையாது. அதே ரோட்டுல செக்கு வெச்சிருக்கற அண்ணனுக்கும், முதலமடையில மாந்தோப்பு வெச்சிருக்கறவருக்கும், இட்லிப்பொடி அரைச்சு விக்கற அக்காவுக்கும் சரக்கு இருக்குது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தாண்டி ஒண்ணும் தெரியாது. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்தா தொழில் நடக்கும், எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் தான். எப்படி சேர்றதுங்கறதுல தான் சிக்கலே.

நெறைய பேரு பண்றது என்னன்னா, டீக்கடையில உக்காந்து பேசி, ரெண்டே நாள்ல பேரு வெச்சு லோகோ போட்டு "நாம ஃபிஃப்டி ஃபிஃப்டிடா மாப்ள"ன்னு கை குடுத்துடறாங்க, இன்னும் ஒரு பாட்டில் கூட வித்திருக்க மாட்டாங்க. எங்கிட்ட யாராச்சும் கேட்டா நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், முதல்ல ஒரு சரக்கு, ஒரு சீசன், ஒரு கணக்கு. அது ஒழுங்கா முடிஞ்சா அப்பறம் பங்கு பேசலாம். கீழ எழுதியிருக்கறது பூராவும் அந்த வரிசையில தான் போகும்.

முதல்ல உங்க கையில என்ன இருக்குதுன்னு பாருங்க

ஒரு பேப்பர் எடுத்து எழுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலை என்ன, வாரத்துக்கு எவ்வளவு நேரம் குடுக்க முடியும், போனா போகட்டும்னு விடக்கூடிய பணம் எவ்வளவு, உங்களை யாரு பாக்கறாங்க. ஃபாலோயர் எண்ணிக்கைய பெருசா எழுதாதீங்க. 10,000 பேரு பாக்கறாங்க, ஒருத்தரு கூட விலை என்னன்னு கேக்கறதில்லைன்னா அது வெறும் கூட்டம் தான். உங்க ஊரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கற 200 பேருல 15 பேரு "எனக்கு ஒண்ணு எடுத்து வைப்பா"ன்னு சொல்றாங்கன்னா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

இன்னொண்ணும் எழுதுங்க, நம்ம பக்கத்து ஆளுங்க இதை எப்பவும் விட்டுடறாங்க. பாலக்காடு மாவட்டத்து சித்தூர் தாலுகாவுல வளர்ந்தவனுக்கு வீட்டுல தமிழ், வெளிய மலையாளம். கோயம்புத்தூர்ல இருக்கற ஏஜென்சிக்காரங்க மலையாளத்துல ஒரு கேப்ஷன் எழுதோணும்னா ஆள் தேடோணும், எர்ணாகுளத்துக்காரங்க தமிழ்ல ஒரு ஆட் போடோணும்னா ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டு எடுத்து ஒரு தமிழனும் பேசாத தமிழ்ல போடறாங்க. நீங்க ரெண்டு பக்கமும் கஸ்டமர் கிட்ட நேரா ஃபோன்ல பேசுவீங்க. ஓணத்துக்கு எப்ப ஆர்டர் வரும், ஆடியில எது ஓடும், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னாடி கூரியர் நெரிசல் ஆரம்பிக்கும், சபரிமலை சீசன்ல கார்த்திகை ஒண்ணுக்கு அப்பறம் எது எடுக்க மாட்டாங்கன்னு ரெண்டு காலண்டரும் உங்களுக்கு மனப்பாடம். சரக்குக்காரர் கிட்டப் பேசப் போறப்ப நீங்க கொண்டுபோற மொதலே இது தான்.

எந்த மாதிரி கூட்டு?

இதுல நாலஞ்சு வகை இருக்குது. புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு தான் ஆகும், மத்தத சும்மா தெரிஞ்சு வெச்சுக்குங்க.

முதலாவது கமிஷன் கூட்டு, அதாவது அஃபிலியேட். அமேசான் 1996ல ஆரம்பிச்சது இந்த முறை தான், உங்க லிங்க் வழியா வந்து வாங்கினா உங்களுக்கு ஒரு பங்கு. பெரிய கம்பெனியோட ப்ரோக்ராம்ல சேர்றது ஈஸி, ஆனா பேரம் பேச முடியாது, அவங்க எப்ப வேணும்னாலும் ரேட்டைக் குறைப்பாங்க, லிங்க்கை க்ளிக் பண்ண கஸ்டமர் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. கத்துக்கறதுக்கு அது நல்ல எடம். சம்பாதிக்கறதுக்கு அதே கமிஷன் முறைய உள்ளூர் சரக்குக்காரர் கிட்டப் பேசுங்க.

ரெண்டாவது மாசச் சம்பளம் மாதிரி ஃபீஸ். பேஜ் பாத்துக்கறேன், மாசம் இவ்வளவு குடுங்க. நெலத்தை வாரத்துக்கு, அதாவது வெளைச்சல்ல பங்குக்கு, விடறதுக்கும் குத்தகைக்கு விடறதுக்கும் என்ன வித்தியாசமோ அதே தான் கமிஷனுக்கும் ஃபீஸுக்கும், வாரத்துல வெளைஞ்சா ரெண்டு பேருக்கும் உண்டு, வெளையலைன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. குத்தகையில எது நடந்தாலும் பணம் வந்தாகணும். புதுசா வர்ற ஆள் குத்தகை கேட்டா செக்குக்காரரு யோசிப்பாரு, நியாயம் தானே, உங்க வேலைய அவரு இன்னும் பாக்கவே இல்ல. அதனால சின்னதா ஒரு ஃபீஸ், அதோட கொஞ்சம் கமிஷன், ரெண்டும் கலந்து பேசறது தான் என் அனுபவத்துல சண்டை இல்லாம ஓடுது.

பண்டமாற்றுக் கூட்டுன்னு ஒண்ணு, நான் உங்க பேஜை ஷேர் பண்றேன், நீங்க என்னுதை. இன்ஸ்டாகிராம்ல கொலாப் போஸ்ட் போட்டா ஒரே போஸ்ட் ரெண்டு பேரு ப்ரொஃபைல்லயும் தெரியும், செலவு இல்ல. ரீசெல்லிங், அடுத்தவங்க சரக்குல நம்ம லேபிள் ஒட்டி விக்கறது, இதெல்லாம் கையில காசு சுத்த ஆரம்பிச்ச பின்னாடி. ஃபர்ம் போடறது, அதாவது சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பெனி ஆரம்பிக்கறது கடைசி, அதுக்குக் கீழ வர்றேன்.

யாரைத் தேடறது, எப்படி சோதிக்கறது

உங்களை மாதிரியே இன்னொருத்தரைத் தேடாதீங்க. ரெண்டு ரீல்ஸ் பசங்க சேர்ந்தா ரெண்டு பேருக்கும் எடிட்டிங் தெரியும், பில் போட யாருக்கும் தெரியாது. சரக்கு அவரு கிட்ட, விக்கறது நீங்க, இல்லைன்னா விக்கறது நீங்க, பேக்கிங்கும் கணக்கும் இன்னொருத்தர், இப்படி வேற வேற கையா இருக்கோணும்.

பார்டர் பக்கம் சரக்குக்குப் பஞ்சமே இல்லீங்க. பொள்ளாச்சித் தேங்காய், மத்த ஊருக்கெல்லாம் முன்னாடியே சந்தைக்கு வர்ற முதலமடை மாங்கா, ராமசேரி இட்லிக்குன்னே தனியா வண்டி எடுத்துட்டு வர்ற கூட்டம், கயிறு, பனஞ்சக்கரை. ஆனா எல்லாமே ஆன்லைனுக்கு ஆகாது. மாம்பழம் ஆசையாத்தான் இருக்கும், ஒரு நாள் கூரியர் லேட்டானா பெட்டி பூரா அழுகல், திட்டு பூரா உங்களுக்கு. முதல் கூட்டுக்குக் கெடாத சரக்கு, ஒடையாத சரக்கு, திரும்பத் திரும்ப வாங்கற சரக்கா எடுங்க. எண்ணெய், பொடி வகை, சிப்ஸ், கைத்தறித் துண்டு இந்த மாதிரி.

ஆளை முடிவு பண்றதுக்கு முன்னாடி, நீங்க யாருன்னு சொல்லாம ஒரு கஸ்டமரா அவரு கிட்ட ஒரு ஆர்டர் போடுங்க. எத்தனை நாள்ல அனுப்பறாரு, பேக்கிங் எப்படி, ஒரு குறை சொன்னா ஃபோனை எடுக்கறாரா, இந்த மூணும் தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரி. ஜிஎஸ்டி நம்பர் இருந்தா ஜிஎஸ்டி போர்ட்டல்லயே போட்டுப் பாக்கலாம், லாகின் கூட வேண்டாம், பேரு, ரெஜிஸ்ட்ரேஷன் ஆக்டிவா இருக்குதா, ரிட்டர்ன் போட்டிருக்காங்களான்னு எல்லாம் தெரியும். நம்பர்ல முதல் ரெண்டு எண் 32னா கேரளா, 33னா தமிழ்நாடு. சாப்பிடற சரக்குன்னா பாக்கெட்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) நம்பர் இருக்குதான்னு பாருங்க, இல்லைன்னா அவரு அதை எடுக்கற வரைக்கும் நீங்க ஒரு போஸ்ட் கூட போடாதீங்க.

அப்பறம் அவரு கூட முன்னாடி வேலை செஞ்ச ஒருத்தர் கிட்டப் பேசுங்க. "நல்ல மனுஷனா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான் சொல்லுவாங்க. "பணம் எத்தனாந்தேதி குடுப்பாரு?"ன்னு கேளுங்க.

முதல் பேச்சு

"டியர் சர், வி ஆர் எ டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி"ன்னு ஆரம்பிக்கற மெசேஜ் செக்குக்காரருக்கு டெய்லி பத்து வருது, ஒண்ணையும் தொறக்க மாட்டாரு. நேர்ல போங்க, மத்தியான நேரம் செக்கு ஓயற நேரமாப் போங்க, அரை லிட்டர் வாங்குங்க, அப்பறம் பேசுங்க. அந்தப் பக்கத்து ஆளா இருந்தா "சேட்டா, ஒரு காரியம் பறயான் உண்டு", நம்ம ஆளா இருந்தா "அண்ணா, ஒரு விஷயம் பேசோணுங்". அதுக்கப்பறம் சொல்றது சின்னதா இருக்கட்டும், இப்படி:

"அண்ணா, உங்க எண்ணெயை ரெண்டு மாசமா வீட்டுக்கு வாங்கறோம். உங்க கூகுள் மேப்ல கடை நேரம் தப்பா இருக்குது, ஃபோட்டோவும் இல்ல, அதை நானே சரி பண்ணித் தர்றேன், காசு வேண்டாம். ஒரு மாசம் நான் ஆன்லைன்ல ஆர்டர் புடிச்சுத் தர்றேன், வந்த ஆர்டருக்கு மட்டும் கமிஷன் குடுங்க. சரிப்படலைன்னா அதோட விட்டுடலாம்."

இதுல அவரு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அதனால முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. அந்த மேப் வேலைய மட்டும் சொன்னபடி முதல்ல முடிச்சுக் குடுத்துடுங்க.

கமிஷன் எத்தனைன்னு சொல்றதுக்கு முன்னாடி கணக்கு போடுங்க

இந்த எடத்துல தான் முக்கால்வாசிக் கூட்டு ஒடையுது, அதனால கொஞ்சம் நிதானமாப் பாப்போம். நெம்பர் எல்லாம் ஒரு பேச்சுக்கு, உங்க சரக்குக்கு நீங்க மாத்திக்குங்க.

1 லிட்டர் மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் கஸ்டமருக்கு 500 ரூபாய், கூரியர் ஃப்ரீ. தேங்காய் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 500க்குள்ளயே இருக்குது, அதைக் கழிச்சா கையில நிக்கறது 476. எண்ணெய் அடக்கம் 340. பாட்டில், பெட்டி, டேப், பபிள் ஷீட் எல்லாம் 30. கூரியர் 60. மிச்சம் 46 ரூபாய். நீங்க போய் "அண்ணா, 10 சதவீதம் மட்டும் குடுங்க போதும்"னு பெருந்தன்மையாச் சொல்லுவீங்க, 500ல 10 சதவீதம் 50, அவருக்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் 4 ரூபாய் நஷ்டம். ரெண்டு மாசம் கழிச்சு அவரு கணக்குப் பாத்துட்டு ஃபோன் எடுக்கறதை நிறுத்துவாரு, நீங்க ஏமாத்திட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்க. ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல, கணக்கு தான் தப்பு.

இப்ப அதே எண்ணெயை 2 லிட்டர் கேனா மட்டும் விக்கலாம்னு வெச்சுக்குங்க. விலை 1,000, ஜிஎஸ்டி போக 952. எண்ணெய் 680, பேக்கிங் 40, கூரியர் 85. மிச்சம் 147. ஜிஎஸ்டி போக இருக்கற தொகையில 10 சதவீதம்னா உங்களுக்கு 95, அவருக்கு 52. இல்லைன்னா மிச்சத்துல 40 சதவீதம்னு பேசினா உங்களுக்கு 59, அவருக்கு 88. நான் பாத்த வரைக்கும் சரக்குக்காரருக்கு ரெண்டாவது முறை தான் புடிக்கும், ஆனா அதுக்கு அவரு அடக்கவிலைய உங்ககிட்ட மறைக்காம சொல்லோணும். சொல்ல மாட்டேன்னா விட்டுடுங்க, விற்பனை விலை மேலயே ஒரு சின்ன சதவீதத்துல நில்லுங்க.

கமிஷன் எதுக்கு மேலங்கறதை விட எதுக்கு இல்லைங்கறதை முதல்ல பேசிடுங்க. கேஷ் ஆன் டெலிவரியில பார்சல் திரும்பி வந்தா போற கூரியர், வர்ற கூரியர், பேக்கிங் எல்லாம் சேர்ந்து சுமார் 150 ரூபாய் போகும், அதாவது 1 லிட்டர் கணக்குல மூணு பாட்டில் லாபம் போச்சு. அதனால திரும்பி வந்த ஆர்டருக்கு கமிஷன் இல்ல, புது கஸ்டமருக்கு கேஷ் ஆன் டெலிவரியே இல்ல, யூபிஐ மட்டும், இப்படி ஒரு முடிவுக்கு வாங்க. ஆட் செலவு யாரு போடறது? 2,000 ரூபாய்க்கு ஆட் ஓட்டி 20 ஆர்டர் வந்தா ஒரு ஆர்டருக்கு 100 ரூபாய், அது முதல் ஆர்டர்ல திரும்பவே திரும்பாது, அதே கஸ்டமர் ரெண்டாவது மூணாவது தடவை வாங்கினா தான் திரும்பும். அப்ப அந்த ரெண்டாவது மூணாவது ஆர்டருக்கு உங்களுக்குக் கமிஷன் உண்டா? உண்டுன்னா எத்தனை மாசத்துக்கு? இதைப் பேசாம ஒரு ரூபாய் கூட ஆட்ல போடாதீங்க.

எந்த ஆர்டர் யாருதுன்னு தெரியோணும்

ஒரு கூப்பன் கோடு போதும். கஸ்டமர் வாட்ஸ்அப்ல ஆர்டர் போடறப்ப அந்தக் கோடை சொன்னா 20 ரூபாய் தள்ளுபடி, சொன்னா அது உங்க ஆர்டர். வெப்சைட் இருந்தா லிங்க்கோட கடைசியில யூடிஎம்னு ஒரு அடையாளம் போட்டு அனுப்பினா எங்க இருந்து வந்தாங்கன்னு அனலிட்டிக்ஸ்ல தெரியும், ஆனா நம்ம ஊருல பாதிப் பேரு லிங்க்கைப் பாத்துட்டு நேரா ஃபோன் தான் பண்ணுவாங்க, அதனால கோடு தான் நம்பகம். ஒரு கூகுள் ஷீட் ரெண்டு பேருக்கும் தெரியற மாதிரி வெச்சு, தேதி, ஊரு, சரக்கு, தொகை, கோடு, பணம் வந்துதா, டெலிவரி ஆச்சா, இவ்வளவு கட்டம் போதும். அன்னன்னைக்கு எழுதோணும், மாசக் கடைசியில நெனைச்சு நெனைச்சு எழுதறது கணக்கு இல்ல.

எழுதி வைங்க, வாட்ஸ்அப்ல போதும்

சொந்தக்காரங்களுக்குள்ள, ஃப்ரெண்டுக்குள்ள எழுத்து எதுக்குன்னு கேப்பாங்க. சொந்தக்காரங்க கூட சேர்றப்ப தான் கட்டாயம் எழுதோணும், ஏன்னா கணக்கு தப்பினா அடுத்த வாரம் கல்யாண வீட்டுல ஒரே பந்தியில உக்காரோணும். முதல் சீசனுக்கு பத்திரமெல்லாம் வேண்டாம், இந்த மாதிரி ஒரு மெசேஜ்:

"அண்ணா வணக்கம். நேத்து பேசினதை எழுதறேன், மாத்தோணும்னா சொல்லுங்க. சரக்கு 2 லிட்டர் எண்ணெய் கேன் மட்டும். ஓணம் முடியற வரைக்கும். விலை 1,000, நீங்க மாத்தினா 3 நாள் முன்னாடி சொல்லோணும். என் கோடு சொல்லி வர்ற ஆர்டருக்கு, செலவெல்லாம் போக மிச்சத்துல 40 சதவீதம் எனக்கு. திரும்பி வந்ததுக்கு, ஒடைஞ்சதுக்கு கமிஷன் இல்ல. பேக்கிங், பில், கூரியர் உங்க பொறுப்பு, போஸ்ட், ஃபோன்ல பதில் சொல்றது என் பொறுப்பு. ஆட் செலவு 2,000 வரைக்கும் பாதிப் பாதி, அதுக்கு மேல கேட்டுட்டு தான். மாசம் 5ஆம் தேதி கணக்கு, 7ஆம் தேதி ஜிபே. இது கமிஷன் வேலை தான், கூட்டுக் கம்பெனி இல்ல. புடிக்கலைன்னா 15 நாள் முன்னாடி சொல்லிட்டு நிறுத்திக்கலாம்."

அவரு "சரி"ன்னு பதில் போடோணும். வெறும் தம்ஸ் அப்போட விட்டுடாதீங்க, "சரிப்பா, ஒத்துக்கறேன்"னு எழுத வைங்க. கடைசிக்கு முந்தின வரியில கூட்டுக் கம்பெனி இல்லைன்னு போட்டதுக்குக் காரணம் இருக்குது. 1932ஆம் வருஷத்து இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி கூட்டுன்னு ஆகறதுக்கு பத்திரம் கட்டாயமே இல்ல, லாபத்தைப் பிரிச்சுக்க ஒத்துக்கிட்டு சேர்ந்து தொழில் நடத்தினாலே போதும். கமிஷனா லாபத்துல பங்கு வாங்கறவன் அதனாலயே பார்ட்னர் ஆயிட மாட்டான்னும் அதே சட்டத்துல இருக்குது, இருந்தாலும் தெளிவா எழுதிட்டா நாளைக்கு அவரு எண்ணெய்க் கொப்பரைக்கு வெச்ச கடனுக்கு உங்க வாசல்ல யாரும் வந்து நிக்க மாட்டாங்க.

பேஜ் யாரு பேருல?

பணத்தை விட இதுல தான் பெரிய சண்டை வரும். பிராண்டோட இன்ஸ்டா பேஜை நீங்க உங்க சொந்த ஈமெயில்ல ஆரம்பிச்சு, டொமைனை உங்க கார்டுல வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸை உங்க சிம்ல போட்டிருந்தீங்கன்னா, பிரியறப்ப செக்குக்காரரு கிட்ட எண்ணெய் மட்டும் தான் மிஞ்சும். அதே மாதிரி எல்லாமே அவரு பேருல இருந்து, ஒரு நாள் பாஸ்வேர்டை மாத்திட்டாருன்னா உங்க ஒரு வருஷ உழைப்பு போச்சு.

நான் சொல்றது, பிராண்ட் அவருதுன்னா பேஜ், டொமைன், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் எல்லாம் அவரு பேருல ஒரு புது ஜிமெயில் போட்டு அதுல இருக்கட்டும், கூகுள்ல அவரு பிரைமரி ஓனர், நீங்க மேனேஜர். ஃபேஸ்புக் பேஜ்லயும் முழுக் கன்ட்ரோல் அவருக்கு, உங்களுக்கு போஸ்ட் போடவும் ஆட் ஓட்டவும் தேவையான அளவு. பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பற வேலையே வேண்டாம். வாட்ஸ்அப்ல ஒரு நம்பரை அந்த ஃபோன் கூட இன்னும் 4 டிவைஸ்ல லிங்க் பண்ணிக்கலாம், அதனால தொழிலுக்குன்னு ஒரு சிம், அது கடை பேருல, ஃபோன் கடையில, நீங்க லேப்டாப்ல. உங்க சொந்தப் பேஜ்னு ஒண்ணு தனியா வளர்த்துக்குங்க, எந்தக் கூட்டு போனாலும் அது உங்களோட வரும்.

கஸ்டமர் நம்பர் லிஸ்ட் யாருதுன்னும் இப்பவே பேசுங்க. ஒருத்தர் எண்ணெய் வாங்கக் குடுத்த நம்பரை நீங்க தூக்கிட்டுப் போய் வேற ஒருத்தர் மொளகாப்பொடிக்கு மெசேஜ் அடிக்கறது மரியாதையும் இல்ல, 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி எதுக்குன்னு சொல்லி வாங்கினோமோ அதுக்கு மட்டும் தான் பயன்படுத்தோணும்.

பார்டர் தாண்டினா என்ன மாறுது

இதை எந்த ஆன்லைன் கோர்ஸ்லயும் நமக்கு சொல்ல மாட்டாங்க. செக்போஸ்ட்ல வரிக்கு லாரிய நிறுத்தற காலம் 2017 ஜூலையில ஜிஎஸ்டியோட போச்சு, கோபாலபுரம் தாண்டறப்ப யாரும் கேக்கறதில்ல, அதனால ரெண்டு பக்கமும் ஒரே ஊருன்னு நெனைச்சுக்கறோம். சட்டத்துக்கு அப்படி இல்லீங்க. சொந்த மாநிலத்துக்குள்ள சரக்கு விக்கறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் டர்னோவர் வரைக்கும் ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம் இல்ல. ஆனா கொழிஞ்சாம்பாறை செக்குல ஆட்டின எண்ணெயை பொள்ளாச்சிக் கஸ்டமருக்கு வித்தா அது மாநிலம் விட்டு மாநிலம், அதுக்கு முதல் ரூபாயில இருந்தே ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். திருச்சூருக்கு அனுப்பினா பிரச்சனை இல்ல, பார்டருக்கு அந்தப் பக்கம் பக்கத்துலயே இருக்கற ஆளுக்கு அனுப்பினா பிரச்சனை. உங்க ஆட்ல ஏரியா செலக்ட் பண்றப்பவே இதை மனசுல வைங்க, பார்ட்னருக்கு ஜிஎஸ்டி இல்லைன்னா கேரளா மட்டும் செலக்ட் பண்ணுங்க.

உங்க கமிஷன் சரக்கு இல்ல, சேவை. அதுக்கு மாநிலம் தாண்டினாலும் 20 லட்சம் வரைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், அதனால நீங்க பயப்பட ஒண்ணும் இல்ல. 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு பார்டர் தாண்டினா ஈ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற சீட்டு வேணும். கமிஷன் குடுக்கறவங்க ஃபர்மா கம்பெனியா இருந்தா, இல்ல தனி ஆளா இருந்தும் போன வருஷ டர்னோவர் 1 கோடி தாண்டியிருந்தா, வருஷத்துக்கு 20,000க்கு மேல போற கமிஷன்ல 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி புடிப்பாங்க. புடிச்ச காசு உங்க பான் நம்பர்ல தான் நிக்கும், ரிட்டர்ன் போட்டா கணக்குல வரும், "என் காசுல கை வெச்சுட்டாரு"ன்னு சண்டைக்குப் போயிடாதீங்க.

வெளம்பரம்னா வெளம்பரம்னு சொல்லிடுங்க

கமிஷன் வாங்கிட்டு ஒரு சரக்கைப் பத்திப் பேசினா அதை மறைக்கக் கூடாது. விளம்பரத் துறையே தனக்குன்னு வெச்சிருக்கற ஏஎஸ்சிஐ அமைப்பு 2021லயே இதுக்கு விதி போட்டாங்க, மத்திய அரசு 2023 ஜனவரியில எண்டார்ஸ்மெண்ட் வழிமுறைன்னு தனியா வெளியிட்டாங்க. காசு வாங்கினா மட்டும் இல்ல, ஃப்ரீயா ஒரு கேன் எண்ணெய் வாங்கியிருந்தாலும் சொல்லோணும், கேப்ஷனோட கடைசியில ஹேஷ்டேக் கூட்டத்துல ஒளிச்சு வெக்காம மேலயே தெரியற மாதிரி. தப்பா வழிகாட்டற விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் சட்டத்துல 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணினா 50 லட்சம் வரைக்கும்.

"இந்த எண்ணெய் குடிச்சா சுகர் எறங்கும்"னு செக்குக்காரரு ஆசையாச் சொல்லுவாரு, அவங்க பாட்டி சொன்னதா இருக்கும், தயவுசெஞ்சு அதை ரீல்ல போடாதீங்க. சர்க்கரை நோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதையெல்லாம் 1954லயே சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க. அதே மாதிரி சமையல் எண்ணெயா பேக் பண்ணதை ஹேர் ஆயில்னு எழுதி விக்காதீங்க. சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கான்னு வருஷக்கணக்கா கேஸ் ஓடி, 2024 டிசம்பர்ல தான் சுப்ரீம் கோர்ட் அது சமையல் எண்ணெய்ங்கற பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. நீங்களா லேபிள்ல ஹேர் ஆயில்னு அடிச்சா அது காஸ்மெட்டிக் ஆயிடும், லைசென்ஸும் வேற ஆயிடும்.

ஒரு சீசன் முடிஞ்சது, இப்ப ஃபர்ம் போடலாமா?

ஷீட்டைத் தொறந்து பாருங்க. 7ஆம் தேதி பணம் 7ஆம் தேதி வந்துதா? குறை சொன்ன கஸ்டமரை அவரு எப்படி நடத்தினாரு? ரெண்டாவது தடவை வாங்கினவங்க எத்தனை பேரு? இது மூணும் சரியா இருந்து, ரெண்டு பேரும் இன்னும் பணம் போட்டு பெருசு பண்ணலாம்னு நெனைச்சா மட்டும் ஃபர்ம் பத்திப் பேசுங்க. இல்லைன்னா கமிஷனாவே ஓடட்டும், அதுல ஒரு கொறையும் இல்ல.

பார்ட்னர்ஷிப் ஃபர்ம்னா பத்திரத்துல எழுதாத விஷயத்துக்கெல்லாம் 1932 சட்டமே முடிவு சொல்லும், அது உங்களுக்குப் புடிக்காமப் போகலாம். பங்கு எவ்வளவுன்னு எழுதலைன்னா லாபமும் நஷ்டமும் சரிசமம், நீங்க ராத்திரி பகலா உழைச்சாலும் அவரு சும்மா இருந்தாலும். உழைப்புக்குச் சம்பளம்னு எழுதலைன்னா சம்பளம் கேக்க முடியாது. பேசின மொதலுக்கு மேல நீங்க போட்ட பணத்துக்கு வட்டி 6 சதவீதம். ஃபர்ம் வாங்கின கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுக்கப் பொறுப்பு, உங்க பங்கு 20 சதவீதம்னாலும் கடன்காரர் மொத்தத்தையும் உங்க கிட்டக் கேக்கலாம். ரெஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்லதான், ஆனா ரெஜிஸ்டர் பண்ணாத ஃபர்ம் பணம் தராத கடைக்காரர் மேல அந்த ஒப்பந்தத்தை வெச்சு கேஸ் போட முடியாது, பார்ட்னர் ஒருத்தர் மேல இன்னொருத்தரும் போட முடியாது. அதனால பத்திரம் எழுதினா ரெஜிஸ்ட்ரார் ஆஃப் ஃபர்ம்ஸ் கிட்டப் பதிஞ்சுடுங்க. எந்த மாநிலத்துல ஆபீஸ்னு போடறீங்களோ அந்த மாநிலத்து ஸ்டாம்ப் டூட்டி, அந்த மாநிலத்து ஜிஎஸ்டி, குடோன் எங்கயோ அங்க ஆபீஸ் வெக்கறது தான் அலைச்சல் கம்மி.

2025 ஏப்ரல்ல இருந்து ஃபர்ம் பார்ட்னருக்குக் குடுக்கற சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருஷம் 20,000 தாண்டினா 10 சதவீதம் டிடிஎஸ் புடிக்கோணும், பழைய ஆடிட்டருங்க சில பேரு இதை விட்டுடறாங்க, கேட்டு வாங்குங்க. கடன் பயம் இருக்கறவங்களுக்கு 2008 சட்டப்படி எல்எல்பி (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) இருக்குது, போட்ட பணத்தோட பொறுப்பு நிக்கும், ஆனா வியாபாரமே நடக்கலைன்னாலும் வருஷா வருஷம் ஃபார்ம் 11, ஃபார்ம் 8 போட்டே ஆகோணும், லேட்டாக லேட்டாக ஃபைன் ஏறும். மாசம் 40 கேன் விக்கற கூட்டுக்கு எல்எல்பி எதுக்குன்னு தான் நான் கேப்பேன்.

பிராண்ட் பேருக்கு டிரேட்மார்க் போடறதுன்னா தனி ஆளுக்கு, சின்னத் தொழிலுக்கு ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500 ரூபாய். யாரு பேருல போடறீங்கங்கறதைப் பத்திரத்துலயும் எழுதுங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா பின்னாடி தலைவலி.

பிரியறது

பிரியறதை சேர்றப்பவே எழுதினா தான் உண்டு, மனஸ்தாபம் வந்த பின்னாடி யாரும் நிதானமாப் பேச மாட்டாங்க. கமிஷன் கூட்டுன்னா ஈஸி, கோடு எந்தத் தேதியில செத்துப்போகும், அதுக்கு முன்னாடி வந்த ஆர்டருக்குக் கணக்கு எப்ப, ஷீட் காப்பி ரெண்டு பேருக்கும், ஆக்சஸ் எடுத்துடறது, கஸ்டமருக்கு ஒரே மாதிரி ஒரு மெசேஜ். "அவன் திருடன்"னு ஸ்டேட்டஸ் வெக்கறது கூடாது, பத்து வருஷம் கழிச்சும் அதே சந்தையில தான் பாத்துக்கோணும்.

ஃபர்ம்னா இன்னும் ஒரு வேலை இருக்குது. கால வரம்பு எழுதாத பார்ட்னர்ஷிப்பை ஒருத்தர் மத்த எல்லாருக்கும் எழுத்துல நோட்டீஸ் குடுத்து முடிச்சுக்கலாம். ஆனா நீங்க வெளிய வந்துட்டீங்கன்னு உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சா போதாது. பப்ளிக் நோட்டீஸ் குடுக்கற வரைக்கும், நீங்க இன்னும் பார்ட்னர்னு நெனைச்சு கடன் குடுக்கறவங்களுக்கு நீங்களும் பொறுப்பு தான். ரெஜிஸ்டர் பண்ண ஃபர்ம்னா ரெஜிஸ்ட்ராருக்கும், கெஜட்லயும், அந்த ஊருல ஓடற உள்ளூர் மொழிப் பேப்பர் ஒண்ணுலயும் போடோணும். ஆபீஸ் சித்தூர் தாலுகாவுலன்னா மலையாளப் பேப்பர்ல போட்டுட்டு, கடன் சரக்கு தர்ற ஆளுங்க பொள்ளாச்சிப் பக்கம் இருந்தா ஒரு தமிழ்ப் பேப்பர்லயும் சின்னதாப் போட்டு, அந்தக் கட்டிங்கை ஃபோட்டோ எடுத்து கொப்பரை வியாபாரி, பாட்டில் சப்ளையர், கூரியர்க்காரங்க எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பேங்க்ல கையெழுத்து மாத்தறதுக்கும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல உங்க பேரை எடுக்கறதுக்கும் அதே வாரத்துல போயிட்டு வந்துடுங்க.